சோக்கட்டி போல ஒரு சிப்



கொஞ்சம் நீளமான பதிவு. பெற்றாரும், பழைய மாணவர் சங்கத்தில் இருப்பவர்களும், பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையில் இருப்பவர்களும் ஆறுதலாக வாசியுங்கள்.

ஒரு கேள்வியோடு தொடங்குவோம். உங்கள் வீட்டில் எத்தனை கொம்பியூட்டர் இருக்கிறது? வகுப்பில் கேட்டால் பிள்ளைகள் "ஒண்டு", "ரெண்டு", "இல்ல சேர்" என்பார்கள். உண்மையில் ஒன்றுமே இல்லை என்று சொல்லும் வீட்டிலும் ஐந்தாறு இருக்கும். டிவி ரிமோட்டுக்குள் ஒன்று. காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தேமோமீட்டருக்குள் ஒன்று. சீனி வருத்தம் உள்ள உம்மாமார் காலையில் விரலில் குத்திப் பார்க்கிறார்களே, அந்தச் சின்ன மெசினுக்குள் ஒன்று. இவற்றுக்குள் இருப்பதுதான் மைக்ரோகொன்ட்ரோலர். தமிழில் நுண்கட்டுப்படுத்தி என்கிறோம். கணிக்கும் பகுதி, நினைவகம், வெளியில் உள்ள பொருட்களோடு பேசும் கால்கள் எல்லாம் ஒரே சிப்பில் அடங்கிய முழுக் கொம்பியூட்டர்.

எங்கள் கையில் உள்ள போனின் பற்றரி 5000 மில்லியம்பியர் மணி. ஒரு நாள் ஓடினால் அல்ஹம்துலில்லாஹ். சீனி பார்க்கும் மெசினில் இருக்கும் காசு போன்ற வட்டப் பற்றரி சுமார் 220தான். போன் பற்றரியில் இருபதில் ஒரு பங்கும் இல்லை. ஆனாலும் அதைக் கடைசியாக எப்போது மாற்றினோம் என்று உம்மாவிடம் கேட்டால் யோசிக்க வேண்டி வரும். காரணம், அதற்குள் இருக்கும் சிப்புக்கு வேலை செய்யத் தெரிவதைப் போலவே சும்மா இருக்கவும் தெரியும்.

இந்தச் சிப்பைப் பற்றி ஊரோடு பேச வேண்டிய தேவை எப்படி வந்தது என்பதைச் சொல்கிறோம்.

எங்கள் பாடசாலையில் ஒரு ரோபோ கிட் இருக்கிறது. நல்ல மனம் படைத்த ஒருவர் அன்பளிப்புச் செய்தார். அதிபர், ஆசிரியர்கள், மாணவத் தலைவர்கள் எல்லோரும் நின்று படம் எடுத்தோம், பேஸ்புக்கில் போட்டோம். அதன் பிறகு அது அலுமாரிக்குள் போனது. அதைக் கொடுத்தவரையும் வாங்கிய அதிபரையும் குறை சொல்ல முடியாது. அந்தக் கிட் பொருட்பதிவேட்டில் ஏறிவிட்டது. ஒரு மோட்டர் எரிந்தாலும், ஒரு சிறு போர்ட் தொலைந்தாலும் கணக்கெடுப்புக்கு வருபவர்கள் "எங்கே?" என்று கேட்பார்கள். அப்போது பொறுப்பாசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும். சம்பளத்தில் வெட்டு விழுமோ என்ற பயம் எல்லா ஆசிரியருக்கும் உண்டு. ஆகவே யாரும் திறக்க மாட்டோம். நாமும் திறக்கவில்லை.

அதைவிட வெட்கமான இன்னொரு விடயத்தையும் சொல்லிவிடுகிறோம். ஒரு வருடம் புத்தாக்கப் போட்டிக்குப் பிள்ளைகளை அனுப்ப வேண்டியிருந்தது. நேரம் போதவில்லை. டவுனில் இதற்கென்றே செய்து கொடுக்கும் ஒரு பொடியனிடம் காசு கொடுத்து ஒரு "கண்டுபிடிப்பு" செய்வித்தோம். பிள்ளைகளுக்கு நாம் கற்றுக்கொடுத்தது அந்த நாலு வரி விளக்கத்தை மட்டும்தான். மனப்பாடம் செய்து ஒப்புவித்தார்கள், சான்றிதழும் கிடைத்தது. இப்படிச் செய்தது நாம் மட்டுமில்லை என்பது இதை வாசிக்கும் ஆசிரியர்களுக்கு நன்றாகவே தெரியும். நேர்மையைப் பற்றிப் பாடம் நடத்துகிற நாமே பிள்ளைகளைப் பொய் சொல்லப் பழக்கினோம். அல்லாஹ் எங்களை மன்னிக்க வேண்டும்.

அடுத்த வருடம் தரம் 9 பிள்ளைகள் மூன்று பேர், மூவரும் பெண் பிள்ளைகள், தாங்களாகவே ஒரு யோசனையோடு வந்தார்கள். எங்கள் பள்ளிவாசலின் தண்ணீர்த் தாங்கி நிரம்பி வழிவது ஊருக்கே தெரிந்த கதை. மோதினார் மோட்டரைப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போவார். தாங்கி நிரம்பி, கூரைத் தகட்டில் கொட்டி, முற்றமெல்லாம் சேறாகும். ஓடுகிற ஆற்றங்கரையில் இருந்து வுழூ எடுத்தாலும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று மதரஸாவில் ஓதிய பிள்ளைகள், அதே பள்ளியின் முற்றத்தில் தண்ணீர் ஓடுவதைப் பார்க்கிறார்கள். "தாங்கி நிரம்பினா சத்தம் போடுற ஒரு சாமான் செய்வமா சேர்?" என்று கேட்டார்கள்.

அலுமாரியைத் திறந்தோம். கிட்டுக்குள் ஆர்டுயினோ ஊனோ என்ற நீல நிறப் போர்ட் இருந்தது. யூரியூப் பார்த்து, பிழை விட்டு, திரும்பச் செய்து, இரண்டு கிழமையில் வேலை செய்ய வைத்தார்கள். இரண்டு கம்பிகள் தண்ணீரைத் தொட்டால் பஸர் கத்தும். மின்சாரம் இல்லாத இடத்திலும் வேலை செய்யட்டும் என்று 9 வோல்ற்றுச் சதுரப் பற்றரியைப் போட்டோம். இஷாவுக்குப் பிறகு கொண்டுபோய் வைத்தோம். காலையில் போய்ப் பார்த்தால் பற்றரி செத்திருந்தது.

அப்போது அந்த மூவரில் ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், ராவைக்கு அது ஒரு தரமும் சத்தம் போடல்லயே. சும்மா இருந்ததுக்கு எப்படி பற்றரி முடிஞ்ச?"

எங்களிடம் பதில் இல்லை. ஆசிரியர் கலாசாலையில் மைக்ரோகொன்ட்ரோலரை நாம் படத்தில்தான் பார்த்திருந்தோம். "தேடிப் பார்ப்போம் மகள்" என்று சொன்னோம். இந்தப் பதிவு அந்தத் தேடலில் பிறந்தது.

மல்டிமீட்டரை வைத்து அளந்தோம். அந்தப் போர்ட் ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதே சுமார் 45 மில்லியம்பியர் குடிக்கிறது. சதுரப் பற்றரி நல்லதாக இருந்தால் சுமார் 500 மில்லியம்பியர் மணி. 500ஐ 45ஆல் வகுத்தால் 11 மணித்தியாலம். இஷாவிலிருந்து காலை வரைக்கும் சரியாக அவ்வளவுதான்! பிள்ளைகள் கணக்கைப் போட்டு முடித்து ஒருவரையொருவர் பார்த்த பார்வை இருக்கிறதே, அது எந்தச் சான்றிதழிலும் கிடைக்காது.

சிப் அவ்வளவு குடிப்பதில்லை. போர்ட்டில் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் பச்சை லைட், கொம்பியூட்டரோடு பேசுவதற்கென்று இருக்கும் இன்னொரு சிப், வோல்ற்றைக் குறைக்கும் பகுதி, இவையெல்லாம் சேர்ந்தும் குடிக்கின்றன. சிப்பும் தூங்காமல் வெறுமனே சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஆளில்லாத அறையில் ஃபேன் சுற்றுவது போல.

நடுவில் கறுப்பாக, 28 கால்களோடு இருப்பதுதான் ஏடிமெகா 328பி. கால்களை வளைக்காமல் மெதுவாக நெம்பினால் கழன்று வரும். அதில் 32 கிலோபைட் நிரல் நினைவகமும் 2 கிலோபைட் வேலை நினைவகமும் இருக்கின்றன. தமிழ் எழுத்துக் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட் தேவை என்பதால், நீங்கள் இப்போது வாசிக்கும் இந்தப் பதிவுகூட அந்த 32 கிலோபைட்டுக்குள் அடங்காது. ஆனால் ஒரு தாங்கியைக் காவல் காக்க அது தாராளம்.

இந்தச் சிப் 1.8 இலிருந்து 5.5 வோல்ற்று வரை வேலை செய்யும். ஆகவே சுவர் மணிக்கூட்டுக்குப் போடும் சிறிய பற்றரி இரண்டு, அதாவது 3 வோல்ற்று போதும். அதைத் தூங்கச் சொல்லலாம். ஆழ்ந்த தூக்கத்தில் உள்ளே ஒரு சிறிய காவல் கடிகாரம் மட்டும் ஓடும். அது அதிகபட்சம் 8 செக்கனுக்கு ஒரு தடவை சிப்பைத் தட்டி எழுப்பும். தூங்கும்போது அது எடுப்பது சுமார் 4 மைக்ரோஅம்பியர். ஒரு மில்லியம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோஅம்பியர். முழுப் போர்ட்டும் குடித்த 45 மில்லியம்பியரோடு ஒப்பிட்டால் பதினோராயிரத்தில் ஒரு பங்கு. எழுந்ததும் சில மில்லிசெக்கன் கம்பியைப் பார்க்கும். தண்ணீர் தொடவில்லையா, மீண்டும் தூக்கம்.

இதுவும் ஒரே தடவையில் சரிவரவில்லை. முதலில் தூங்க வைத்தபோது மீட்டர் சில நூறு மைக்ரோஅம்பியர் காட்டியது. அளவுகளை வாசிக்கும் அனலொக் பகுதியை நிறுத்தாமல் தூங்க அனுப்பியிருந்தோம். வீட்டார் தூங்கினாலும் குசினி லைட் எரிவது போல. நிரலில் ஒரு வரி சேர்த்ததும் இறங்கியது. அடுத்தது, தண்ணீருக்குள் இருந்த கம்பி சில நாட்களில் பச்சையாகி அரித்துப் போனது. எப்போதும் மின்சாரம் ஓடினால் தண்ணீருக்குள் அப்படித்தான் நடக்கும், விஞ்ஞானப் பாடத்தில் மின்பகுப்பு என்று படிப்பிக்கிறோமே, அதுதான். பிள்ளைகள் கம்பிக்குப் பதிலாக எவர்சில்வர் துண்டுகளைப் போட்டார்கள். பார்க்கும் அந்தச் சில மில்லிசெக்கனுக்கு மட்டும் அதற்கு மின்சாரம் கொடுக்க வைத்தார்கள். விஞ்ஞானம், கணிதம், தகவல் தொழினுட்பம் என்று மூன்று பாடங்கள் ஒரு தாங்கிக்குள் சந்தித்தன.

பிறகு பற்றரி எவ்வளவு காலம் தாங்கும் என்று கணக்குப் போட்டார்கள். சிப் எடுப்பதைச் சராசரியாக 10 மைக்ரோஅம்பியர் என்று தாராளமாக வைத்தாலும், 2000 மில்லியம்பியர் மணி உள்ள பற்றரி கணக்கின்படி 20 வருடத்துக்கு மேல் தாங்க வேண்டும். அவ்வளவு காலம் பற்றரியே இருக்காது, வயசாகிக் கசிந்து போய்விடும். உண்மையான செலவு பஸருக்குத்தான். அது 25 மில்லியம்பியர். ஒரு நாளைக்கு எல்லாமாக 5 நிமிடம் கத்தினால் நாளுக்கு 2 மில்லியம்பியர் மணி, ஏறத்தாழ இரண்டரை வருடம். "அப்ப மோதினாரப்பா சுறுக்கா வந்து நிப்பாட்டினா இன்னும் கூட நாளைக்கு நிக்கும்" என்றாள் ஒருத்தி. அதற்காகவே ஒரு பட்டனும் வைத்தார்கள். அழுத்தினால் சத்தம் நிற்கும், தண்ணீர் இறங்கி மீண்டும் நிரம்பும் வரை கத்தாது. மோட்டரோடு எதையும் இணைக்கவில்லை. 230 வோல்ற்றில் பிள்ளைகள் கை வைக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தோம். சத்தம் போடுவது மட்டும்தான் அதன் வேலை. எட்டு மாதமாகிறது. இன்னும் முதலில் போட்ட பற்றரிதான்.

இதைப் போட்டிக்குக் கொண்டு போனோம். பக்கத்து மேசையில் கைகாலை ஆட்டும் ரோபோ ஒன்று, நாலு நிறத்தில் மின்னிக்கொண்டிருந்தது. அதை யார் செய்தது என்று எங்களுக்குத் தெரியும், அதே டவுன் பொடியன். எங்கள் பிள்ளைகளின் மேசையில் ஒரு பிளாஸ்ரிக் சாப்பாட்டுப் பெட்டி. நடுவர்களில் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இதில ஒண்டும் நடக்கல்லயே, ஒரு லைட்டாவது பத்த வெச்சிருக்கலாமே" என்றார். "சேர், லைட் பத்தாம இருக்கிறதுதான் இதிட வேல" என்று பிள்ளை சொன்னாள். அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். பரிசு ரோபோவுக்கு.

பரிசு கிடைக்காததற்காக இதை எழுதவில்லை. முந்திய வருடம் அதே இடத்தில் பரிசு வாங்கியவர்கள் நாங்கள்தானே! நாம் எல்லோரும் சேர்ந்து எதைப் பார்த்துக் கைதட்டுகிறோம் என்பதைத்தான் யோசிக்கச் சொல்கிறோம். மின்னுவதைப் பார்த்துக் கைதட்டினால், பிள்ளைகள் மின்னுவதைத்தான் காசு கொடுத்து வாங்குவார்கள்.

வீண்விரயம் பற்றிப் பயான்களில் நிறையக் கேட்டிருக்கிறோம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தவர்கள் நாம். மெழுகுதிரி வெளிச்சத்தில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் இந்த ஊரில் இருக்கிறார்கள். ஒரு மில்லியம்பியர் எங்கே போகிறது என்று தேடிப் பார்க்கத் தெரிந்த பிள்ளை, நாளைக்கு வீட்டுக் கரண்ட் பில்லையும் அப்படித்தான் பார்ப்பாள். கரண்ட் கம்பி போகாத வட்டைக்குள் வைக்கும் ஒரு கருவியையும் அப்படித்தான் செய்வாள். வைஃபை உள்ள போர்ட் இருக்கிறதே, போனுக்கே மெசேஜ் வருமே என்று சிலர் கேட்டார்கள். நல்லதுதான். ஆனால் வைஃபை பேசும்போது அந்தப் போர்ட்கள் நூறு மில்லியம்பியருக்கு மேல் இழுக்கும். சின்னப் பற்றரியில் வருடக் கணக்கில் இருக்க வேண்டிய வேலைக்கு அது முதல் தெரிவு அல்ல. எந்த வேலைக்கு எது போதும் என்று தெரிவுசெய்வதும் படிப்புத்தான்.

ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் ஒரு நானா சிரித்துக்கொண்டே கேட்டார்: "இதுக்கு இவ்வளவு பாடா? ஒரு போல் வால்வைப் போட்டா முடிஞ்சுது." மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது வால்வு மூடிக்கொண்டால் மோட்டருக்குக் கேடு என்று அவருக்கும் தெரியும். அது ஒரு பக்கம். தாங்கிக்கு வேறு வழி உண்டு என்பது உண்மைதான், ஒத்துக்கொள்கிறோம். ஆனால் அந்த மூன்று பிள்ளைகளும் படித்ததற்கு வேறு வழி எங்களுக்குத் தெரியவில்லை.

"இது பரீட்சைக்கு வருமா?" என்பது பெற்றாரின் கேள்வி. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013இல் தொடங்கியது. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் பொருட்களின் இணையம் பற்றிய பகுதியே இருக்கிறது. ஆகவே வரும். வராவிட்டாலும் பரவாயில்லை என்றுதான் சொல்லுவோம்.

இந்தச் சிப்பின் கதையும் மாணவர்களின் கதைதான். ஏடிமெகா சேர்ந்த ஏவிஆர் குடும்பத்தின் அடிப்படை வடிவத்தை உருவாக்கியவர்கள் அல்ப் எகில் போகன், வேகார்ட் வொலன் என்ற இருவர். நோர்வேயின் துரொண்ட்ஹெய்ம் நகரில் மாணவர்களாக இருந்தபோது அதைத் தொடங்கினார்கள். 1990களின் பிற்பகுதியில் அத்மெல் கம்பனி அதைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. ஆர்டுயினோ போர்ட் 2005இல் இத்தாலியின் இவ்ரேயா என்ற சிறிய நகரில், இலத்திரனியல் படிக்காத வடிவமைப்பு மாணவர்களும் குறைந்த காசில் செய்து பார்க்கட்டும் என்று செய்யப்பட்டது. மாணவர்கள் தொட்டு, எரித்து, பழகட்டும் என்று செய்த பொருளை நாம் பூட்டி வைத்திருக்கிறோம்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இதுதான். இந்தச் சிப்பைச் சோக்கட்டி போலக் கொடுங்கள்.

சோக்கட்டியை யாரும் பொருட்பதிவேட்டில் எழுதுவதில்லை. தேய்ந்தால் தேயட்டும், உடைந்தால் உடையட்டும், அடுத்ததை எடுப்போம். அதனால்தான் அது பிள்ளைகளின் கைக்கும் போகிறது. ஒரு பெரிய கிட் வாங்கும் காசில் ஒரு வகுப்புக்கே வெறும் சிப், பிரெட்போர்ட், தடையிகள், பஸர், பற்றரி வாங்கலாம். கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் எல்லாம் கிடைக்கும். நிரல் ஏற்ற ஒரே ஒரு ஊனோ போர்ட் இருந்தால் போதும். அதை வைத்தே எத்தனை சிப்புக்கும் நிரல் ஏற்றலாம். அந்தப் போர்ட் அலுமாரியில் ஏற்கனவே இருக்கிறது!

பழைய மாணவர் சங்கத்துக்கும் வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களுக்கும்: அடுத்த தடவை அன்பளிப்புச் செய்யும்போது நுகர்பொருளாகக் கொடுங்கள். படம் எடுக்கும்போது சின்னப் பொதியாகத்தான் தெரியும், பரவாயில்லை. மல்டிமீட்டர் நாலைந்து இருந்தால் இன்னும் நல்லது. அளக்காமல் படித்தால் அது கதைதான்.

அதிபர்மாருக்கும் எங்களோடு வேலை செய்யும் ஆசிரியர்களுக்கும்: அலுமாரியைத் திறப்போம். எரிந்தால் எரிந்தது என்று எழுதிக் கையொப்பமிட ஒரு வழியை நாமே கேட்டு வாங்குவோம். பிள்ளை கேட்டதற்குப் பதில் தெரியாவிட்டால் "தெரியாது, தேடுவோம்" என்று சொல்வோம். அதனால் எங்கள் மரியாதை குறைந்து போகவில்லை என்பதை நாம் அனுபவித்துப் பார்த்தோம்.

பெற்றாருக்கு: பிள்ளையின் செயற்றிட்டத்தைக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். அசிங்கமாக, பசை வழிந்து, பாதி வேலை செய்தாலும் பிள்ளை செய்ததே அனுப்பி வையுங்கள். பெண் பிள்ளைகள் சோல்டரிங் அயர்ன் பிடிப்பதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். எங்கள் தாங்கியைக் காவல் காப்பது அவர்கள் செய்ததுதான்.

எல்லோருக்கும் ஒன்று. வீட்டில் பழுதாய்க் கிடக்கும் ரிமோட், விளையாட்டுச் சாமான், கல்குலேட்டர், டிஜிட்டல் மணிக்கூடு இருந்தால் குப்பையில் போடாமல் பற்றரியைக் கழற்றிவிட்டுப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். திறந்து பார்ப்போம். மறுபடி பூட்ட முடியாமல் போகலாம், அதற்கு இப்போதே மாப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

வருகிற தவணையில் தரம் 8, 9 பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை காலையில் இதற்கென்று ஒரு வகுப்பு இன்ஷா அல்லாஹ் தொடங்கப் போகிறோம். கட்டணம் இல்லை. முதல் பாடம், ஒரு சிப்பைத் தூங்க வைப்பது. அந்த மூன்று பிள்ளைகளும்தான் படிப்பித்துக் கொடுக்கப் போகிறார்கள். நாம் பின் வாங்கில் இருப்போம்.

கருத்து வேறுபாடு உள்ளவர்கள் தாராளமாகக் கீழே எழுதுங்கள். முக்கியமாக அந்த ஹார்ட்வெயார் நானா.